கங்கம்மாவுக்கு விட்ட மஞ்சள்

அந்த ஆடியில் துளசிராமன் அண்ணன் வீட்டுத் தண்ணீர் பிளாண்ட் நின்றபோது எங்களுக்கெல்லாம் முதலில் வந்தது கவலை இல்லை, தூக்கம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. விடிந்ததும் அந்த வீட்டின் பின்பக்கம் ஓர் இரைச்சல் எழும். மோட்டார், வடிகட்டி, கேனுக்குள் சுற்றுகிற பிரஷ், மூடிமேல் உறையைச் சுருக்குகிற சூட்டுக்காற்று எல்லாம் கலந்த இரைச்சல். மாடியில் குடியிருந்த எனக்கு அது பழகிப்போய், இருப்பதே தெரியாமல் இருந்தது. நின்ற பிறகுதான் வீட்டைச் சுற்றி வயல் இருப்பதும், வயலில் தவளைகள் இருப்பதும், தூரத்தில் கல்கத்தா ரோட்டில் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருப்பதும் காதில் விழுந்தன. ஆடிக்காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். மத்தியானம் ஆனால் ஆளுக்கொரு மூலையில் கண் சொருகிக் கிடப்போம். பிழைப்பு கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது, நாங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தோம்.

நான் நர்மதா. பொதட்டூர்பேட்டைக்காரி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரப்பர் கம்பெனியின் ஹெச்.ஆர். ஆபீஸில் வேலை. மெஷின்களைப் பழுது பார்ப்பதற்காக அந்தச் சமயம் கம்பெனியை மூடியிருந்தார்கள். ஊருக்குப் போனால் அம்மா மாப்பிள்ளை பேச்சை எடுப்பாள் என்று நான் இங்கேயே தங்கிவிட்டேன். அதனால்தான் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்க்கும்படி ஆயிற்று.

புதுவாயல் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே வந்தால் துளசிராமன் அண்ணனின் வீடு. அவர் அப்பா காலம் வரை நெல். இவர் காலத்தில் ஒரு வருஷம் உட்கார்ந்து யோசித்துப் பார்த்திருக்கிறார்: கிணற்றுத் தண்ணீரை இறைத்து நெல்லுக்கு விட்டு, அந்த நெல்லை விற்பதைவிடத் தண்ணீரையே விற்றுவிட்டால் என்ன? அப்படி வந்ததுதான் பிளாண்ட். மகள் பெயரையே கேனில் ஒட்டினார், பூமிகா குடிநீர் என்று. மகள் இப்போது சென்னையில் நர்சிங் படிக்கிறாள். சிப்காட்டில் நிறைய கம்பெனி கேன்டீன்களுக்கும், கூட்டு ரோட்டு டீக்கடைகளுக்கும் இவர் கேன்தான் போகும். கல்யாணம், சாவு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மேசைமேல் பூமிகா உட்கார்ந்திருப்பாள். அண்ணனுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. மகளுக்குத்தான் கூச்சம், ஊர்ப் பக்கம் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பாள்.

நடந்தது இதுதான். ஆடி இரண்டாம் வெள்ளிக்கு மறுநாள் ஒரு கம்பெனி கேன்டீனில் யாரோ கேனைச் சாய்த்து எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்திருக்கிறார். வந்த தண்ணீர் மஞ்சள். நல்ல மஞ்சள். அதை அப்படியே போனில் எடுத்து, கேனில் இருந்த பெயரையும் காட்டி, "நம்ம நெலத்துத் தண்ணிக்குள்ள கெமிக்கல் எறங்கிப்போச்சு, இதத்தான் காசு குடுத்துக் குடிக்கிறோம்" என்று பேசிப் போட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் அது ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திரா வரைக்கும் போய்விட்டது. மஞ்சளாக எதைப் பார்த்தாலும் வேறு ஊரில் மஞ்சள் என்பார்கள். எங்கள் ஊரில் கெமிக்கல் என்பார்கள். இரும்பு உலைகளால் சாயங்காலம் வானம் இரண்டு முறை சிவக்கிற ஊர் இது, அவர்களைச் சொல்லி என்ன.

ஆனால் அது மஞ்சளேதான். மஞ்சள் கிழங்கை அம்மியில் உரசி, சொம்புத் தண்ணீரில் கரைத்து ஊற்றியவர் துளசிராமன் அண்ணனின் மனைவி குணசுந்தரி அக்கா. எனக்கு இது தெரிந்தது சில நாள் கழித்து. உங்களை அத்தனை நாள் காக்க வைக்க எனக்கு மனசில்லை.

கல்யாணமாகி வந்த முதல் ஆடியிலிருந்து அக்கா கிணற்றுக்கு மஞ்சள் விடுகிறார். ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை குளித்து, ஈரப்புடவையோடு போய், கிணற்றுக்குள் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, கங்கம்மா தாயே வத்தாம இரு என்று கும்பிட்டு வருவார். அந்தக் குடும்பத்தின் வழக்கம் அது. இந்த வருஷம் அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, குடிதண்ணீர் எடுக்கிற கிணறு திறந்து கிடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் மேலே கான்கிரீட் பலகை போட்டு மூடி, பைப்பை மட்டும் வெளியே விட்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் சொம்போடு போன அக்கா மூடிக்கிடந்த கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். ஒரு விரல் நுழைய இடமில்லை. அப்புறம் ஏணி வைத்து பிளாண்ட் மேலே ஏறியிருக்கிறார். மேலே இரண்டு தொட்டிகள். ஒன்று கிணற்றிலிருந்து நேராக வருகிற தண்ணீருக்கு. இன்னொன்று சுத்தம் செய்து முடித்து கேனில் பிடிக்க வேண்டிய தண்ணீருக்கு. அக்கா விவரம் தெரியாதவர் இல்லை. இரண்டில் எது எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அம்மனுக்கு விடுவதை அழுக்குத் தண்ணீரில் விடலாமா என்று யோசித்து, சுத்தமான தொட்டியின் மூடியைத் திறந்து, அதில் ஊற்றிக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார். கரையாத மஞ்சள் அடியில் இறங்கி, முதலில் பிடித்த சில கேன்களில் மொத்தமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வீடியோவைப் பார்த்த உடனே அக்காவுக்குப் புரிந்திருக்கிறது. சொல்வதற்குள் அண்ணன் முற்றத்தில் நின்று கத்த ஆரம்பித்துவிட்டார். "எவன் கை வெச்சான்னு தெரியட்டும், அவன் கைய எடுக்கறேன்" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். அக்கா உள்ளே போய் உலை வைத்தார். பிறகு சொல்வதற்கு நேரம் வாய்க்கவில்லை. அப்படித்தான் எல்லாருக்கும் ஆகிறது.

குட்டி யானை வண்டி போனது போனபடியே கேன்களோடு திரும்பி வந்தது. பின்பக்கத்துச் சிமெண்ட் தரையில் நிரம்பிய கேன்களை வரிசையாக இறக்கி வைத்தார்கள். வெயில் அவற்றுக்குள் புகுந்து தரையெல்லாம் நீல வெளிச்சமாக அசைந்துகொண்டிருக்கும். நான் மாடியிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். நஷ்டம் அத்தனை அழகாக இருக்கக் கூடாது.

அண்ணன் செய்த வேலை வீடியோவுக்குக் கீழே வந்த ஒவ்வொரு கமென்டுக்கும் பதில் போட்டதுதான். திட்டியவனைத் திட்டினார், சிரித்தவனைக் கேஸ் போடுவேன் என்றார், ஒருவனின் குடும்பத்தையே இழுத்தார். அவர் எழுதியதையெல்லாம் படம் பிடித்து இன்னொருவன் போட்டான். அதற்கு முதல் வீடியோவைவிடக் கூட்டம். அப்போதுதான் அக்கா தன் தம்பிக்குப் போன் போட்டார்.

சரவணகுமார் சென்னையில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் இருக்கிறான். நகைக்கடை, ஆஸ்பத்திரி, காலேஜ் என்று பெரிய இடத்துப் பெயர் கெட்டால் துடைத்துத் தருகிற வேலை. வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் மாமாவின் போனைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். அப்புறம்தான் காபி கேட்டான். எனக்கு அவனைப் பிடிக்காமல் போக வேண்டும் என்று நான் எவ்வளவோ முயன்றேன். முடியவில்லை, அத்தனை தெளிவாகப் பேசினான்.

இனிமேல் வீட்டிலிருந்து ஒரு வாய்தான் பேச வேண்டும் என்றான். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் ஊர் தானாக ஒரு கதை கட்டும், அதற்கு முன்னால் நம் கதை போய்ச் சேர வேண்டும் என்றான். எடுத்தவன்மேல் கோபப்படக் கூடாது, குடித்தவர்களிடம் வருத்தப்பட வேண்டும். கேன் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக் கொட்டுவதைப் படம் எடுத்துப் போட வேண்டும். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அக்கா கேழ்வரகுக் கூழும் கருவாட்டுத் தொக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிப்பு மட்டும் கேட்டா பத்தாது மாமா" என்றான் சரவணகுமார், கூழைக் கலக்கிக்கொண்டே. "இன்னாத்துக்கு இப்டி ஆச்சுன்னு கேப்பாங்க. ஒரு காரணம் வேணும். அது சின்னதா இருக்கணும். எல்லாருக்கும் புரியணும். அப்பறம் அத்த நாம தூக்கிப் போட்டுட்டோம்னு தெரியணும்."

அண்ணன் வெகுநேரம் யோசித்தார். கேன் கழுவுகிற சோப்புத் தண்ணீர் மஞ்சளாக இருக்கும் என்று அவருக்கு ஞாபகம் வந்தது. சரியாக அலசாமல் விட்டால் உள்ளே தங்கும். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். சரவணகுமார் முகத்தில் வெளிச்சம் வந்தது. கேன் கழுவுவது யார் என்று கேட்டான்.

கேன் கழுவுவது ரோசம்மாள். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் காலனி. அவருடைய அம்மா இந்த வீட்டு நிலத்தில் நாற்று நட்டவர், அண்ணனின் அப்பாவை ஆண்டே என்று கூப்பிட்டவர். ரோசம்மாள் அண்ணனை மொதலாளி என்று கூப்பிடுவார். பிளாண்ட் ஆரம்பித்த நாளிலிருந்து அவர் கைதான் கேனைக் கழுவுகிறது. விரல் நுனியெல்லாம் எப்போதும் ஊறி வெளுத்துச் சுருங்கி இருக்கும். வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறபோதுதான் என் கை காய்ஞ்சிருக்கும் என்று சிரித்துக்கொண்டே என்னிடம் ஒருமுறை சொன்னார்.

கூப்பிட்டு அனுப்பினார்கள். புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். சரியாக அலசினாயா என்று அண்ணன் கேட்டார். அலசினேன் என்றார். வெள்ளிக்கிழமை அவசரத்தில் ஏதாவது விட்டிருக்கலாம், நினைத்துப் பார் என்றார். அலசினேன் மொதலாளி என்றார் மறுபடியும். அப்போது ஒரே ஒரு தடவை நிமிர்ந்து குணசுந்தரி அக்காவைப் பார்த்தார். அக்கா காலியான கூழ்ச் சட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். கொஞ்ச நாள் வேலைக்கு வர வேண்டாம், அடங்கட்டும் என்று அண்ணன் மெதுவாகத்தான் சொன்னார். ரோசம்மாள் தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வயல் வரப்பில் நடந்து போனார்.

அன்று மாலையே வீடியோ எடுத்தார்கள். அண்ணனுக்கு வெள்ளைச் சட்டை. பின்னால் பிளாண்ட். சரவணகுமார் எழுதிக் கொடுத்ததை நாலைந்து தடவை ஒத்திகை பார்த்துவிட்டு, கை கட்டி நின்று பேசினார். எங்கள் தவறுக்கு வருந்துகிறோம், இது நிலத்தடி நீரின் குறை அல்ல, ஒரு பணியாளரின் கவனக்குறைவால் கழுவும் கரைசல் கேனில் தங்கிவிட்டது, அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். எங்கள் ஆபீஸிலும் எந்த மெஷின் எந்த விரலை வாங்கினாலும் இந்த வாக்கியம்தான் எழுதுவார்கள். பணியாளரின் கவனக்குறைவு. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது.

ஆனால் வேலை செய்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தப்பை ஒத்துக்கொண்ட மனுஷன் என்று ஜனங்கள் அண்ணனைப் பாராட்டினார்கள். கெமிக்கல் இல்லையாம், சோப்புத்தானாம் என்று ஊரே பெருமூச்சு விட்டது. டீக்கடைக்காரர்கள் முதலில் கூப்பிட்டார்கள், அப்புறம் கேன்டீன்கள். சரவணகுமார் மாமாவின் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குக் கிளம்பினான். திரும்பி வந்த தண்ணீரையெல்லாம் வயலில் கொட்டிவிட்டு, தொட்டிகளைக் கழுவி, மறுபடி மோட்டாரைப் போட்டார்கள். இரைச்சல் வந்தது. தவளைகள் காணாமல் போயின. எங்கள் தூக்கமும் கலைந்தது.

அக்காவுக்கு மட்டும் கலையவில்லை. சோறு வடிக்கும்போது கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிடுவார். கூப்பிட்டால் திரும்ப நேரமாகும். மத்தியான வேளையில் அவர் மூடிய கிணற்றுப் பலகைமேல் உட்கார்ந்திருப்பதை மாடியிலிருந்து பார்த்தேன். ஒருநாள் ஆந்திரா பக்கமிருந்து மேகம் திரண்டு வந்து பட்டப்பகலில் இருட்டிக்கொண்டது. பெரிய பெரிய தூறலாக விழ ஆரம்பித்தது. அக்கா எழுந்து வரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போனேன். பலகையில் காதை வைத்துப் படுத்திருந்தார்.

"உள்ள தண்ணி பேசுது நர்மதா" என்றார். "ஏறுது. காது குடுத்துக் கேளேன்."

நானும் குனிந்து காது வைத்தேன். மழைச் சத்தமா கிணற்றுச் சத்தமா தெரியவில்லை. சிமெண்ட் சில்லென்று இருந்தது. எங்கோ ஆழத்தில் யாரோ நிதானமாகத் துணி அலசுவதுபோல ஒன்று கேட்டது, கேட்காமலும் இருந்தது. குடைக்கு வெளியே வயலெல்லாம் கரைந்து வெள்ளையாகிவிட்டது. அந்த மழைக்குள் உட்கார்ந்துதான் அக்கா எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். ஏணி, தொட்டி, சொம்பு, எல்லாம். அழவில்லை. தப்பு செய்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மனுக்கு விட்டது ஊருக்கு விஷமாகப் போய்விட்டதே, நான் கும்பிட்டதே அழுக்காகிவிட்டதே என்பதுதான் முதலில் வந்தது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் வாயை மூடிக்கொண்டாராம். அப்புறம்தான் ரோசம்மாள் பேச்சு வந்தது. "அவ ஒருதரம் என்னப் பாத்தா. அத்த என்னால தாங்க முடியல" என்றார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணனிடமும் சொல்லிவிட்டார். நான் மாடிப்படியில் இருந்தேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. அண்ணன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை.

"இப்பதான் சரியாய்ப் போச்சே குணா" என்றார். "இன்னாத்துக்குக் கிளறணும்? மொதலாளி பொண்டாட்டியே தொட்டியில கைய உட்டான்னா இனி ஒருத்தன் வாங்குவானா? சீல் வெச்சிட்டுப் போவான். ரோசம்மாவ நாலு மாசம் கழிச்சிக் கூப்ட்டுக்கலாம். அவளுக்கு இன்னா கம்பெனியா இருக்குது, பேரு கெட்டுப்போறதுக்கு?"

அவர் கெட்ட மனுஷர் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

அண்ணன் மறுநாள் காலை நாஷ்டா முடிந்து லோடு ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி போன பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டார். ஸ்கூட்டியில் ரோசம்மா வீட்டு வரைக்கும் விடுகிறாயா என்றார். நல்ல புடவை கட்டியிருந்தார். கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. பழம், பூ ஏதாவது வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, வேண்டாம், வாயை அடைக்கிற மாதிரி இருக்கும் என்றார். இத்தனை வருஷத்தில் அந்த ஏரிக்கரையைத் தாண்டி அவர் வந்ததே இல்லை என்பது வண்டி மேடேறும்போது அவர் என் தோளைப் பிடித்த பிடியில் தெரிந்தது.

முதல் நாள் மழையில் ஏரி விளிம்புவரை பளபளவென்று கிடந்தது. கரைமேல் பனி இல்லை, புகை இல்லை, ஆனாலும் எல்லாம் மங்கலாக, தூங்கி எழுந்த கண்ணால் பார்ப்பதுபோல் இருந்தது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் உலைக் கம்பெனியின் நீளமான தகரக் கூரைகள், இந்தப் பக்கம் நீல வண்ணம் அடித்த சின்னக் கோயில். மாதா திருநாளுக்குக் கலர்த்தாள் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரோசம்மாள் வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார், சிரிக்கவில்லை. உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு, தான் நின்றார். அவர் கணவர் அருணாச்சலம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன், டியூட்டிக்குப் போயிருந்தார். வெயில் ஏறவில்லை, காற்று மட்டும் துணிகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

அக்கா உட்காரவில்லை. மஞ்சள் விட்டது நான்தான் என்று சொன்னார்.

"தெரியும்மா" என்றார் ரோசம்மாள். "ஏணியில ஏறனப்பவே பாத்தேன். எறங்கி வர்றப்போ உங்க கையி மஞ்சளா இருந்திச்சு. அம்மனுக்கு ஏதோ செய்யறீங்கன்னு நானு அந்தாண்ட திரும்பிக்கினேன்."

"அப்ப ஏன் சொல்லல? அன்னிக்கு என் எதுர்லயே கேட்டாரே."

"நான் சொன்னா அது பழி போடறது. நீங்க சொன்னாதான் நெசம்." ரோசம்மாள் ஈரக்கையை உதறினார். "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். சட்டிய எடுத்துக்கினு உள்ள பூட்டீங்க."

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன நடந்தது என்று ரோசம்மாளே மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார், யார் கதையையோ சொல்வதுபோல. வீடியோவில் பெயர் சொல்லவில்லைதான். ஆனால் பூமிகா பிளாண்டில் கேன் கழுவுவது யார் என்று தெரியாத ஆள் இந்தப் பக்கத்தில் கிடையாது. ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை கேட்டுப் போயிருக்கிறார். கான்ட்ராக்டர் முகத்தைப் பார்த்தே, நீதானே அந்த சோப்புத் தண்ணி என்று கேட்டுச் சிரித்து அனுப்பிவிட்டான். அதுகூடப் பரவாயில்லை என்றார். மாதா திருநாள் சாப்பாட்டுக்கு வருஷா வருஷம் கோயிலில் அரிசி களைவது அவர். அண்டா அண்டாவாகக் களைந்து கொடுப்பார். இந்தத் தடவை கோயில் பொம்பளைகள் வந்து, நீ இந்த வாட்டி ரெஸ்ட் எடுத்துக்க ரோசம்மா, நாங்க பாத்துக்கறோம் என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார்களாம்.

"அன்பாத்தான் சொன்னாங்க" என்றார். அங்கேதான் அவர் குரல் முதல் தடவையாக உடைந்தது.

அக்கா நாற்காலியைத் தாண்டிப் போய் அவர் கையைப் பிடித்தார். நாளையிலிருந்து வேலைக்கு வா என்றார். அவர்கிட்ட நான் பேசிக்கொள்கிறேன், சம்பளமும் சேர்த்துத் தரச் சொல்கிறேன் என்றார். ரோசம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தலையை அசைத்தார்.

"வேல கெடைக்கும்மா, இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு. உங்க கேனுக்கு ஒரு கெட்ட பேருன்னதும் மெட்ராஸ்ல இருந்து உங்க தம்பி வந்தாரு. எனுக்கு யாரு வருவாங்க? ஊருக்கே தெரியறாப்ல என்ன எடுத்தீங்க. கூப்புடறது மட்டும் ஊட்டாண்ட வந்து காதுல சொல்றீங்க."

அக்கா என் பக்கம் திரும்பினார். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. பயம் அப்பிக்கிடந்தது, ஆனால் கண் தெளிவாக இருந்தது. இத்தனை நாள் தூக்கத்தில் நடந்தவர் அப்போதுதான் விழித்ததுபோல் இருந்தார்.

"போன எடு நர்மதா. இங்கியே எடுத்துடலாம்."

நான் கொஞ்சம் தயங்கினேன். அண்ணனைக் கேட்க வேண்டாமா, சரவணகுமாரிடமாவது எப்படிப் பேசுவது என்று கேட்டுக்கொள்ளலாமே என்றேன். பிளாண்டை மூடிவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். மூடினால் மூடட்டும், நிலம் இருக்கிறது, உழுதால் போயிற்று என்றார். புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டார்.

போனை நான் எடுத்ததும் ரோசம்மாள், இருங்க என்றார். உள்ளே போனார். வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. நாங்கள் வெளியே நின்றோம். கோயிலில் ஸ்பீக்கரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரோ ஹலோ ஹலோ என்று சொல்வது ஏரித் தண்ணீர்மேல் மிதந்து வந்தது. அக்காவின் போன் அடித்தது. அண்ணன். அக்கா பார்த்துவிட்டு நாற்காலிமேல் வைத்தார், அது அடித்து அடித்து ஓய்ந்தது. ரோசம்மாள் வெளியே வந்தபோது முகம் கழுவி, பவுடர் போட்டு, கோயிலுக்குக் கட்டுகிற ஊதாப் புடவை கட்டியிருந்தார். நேராக வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னொன்றை அக்காவுக்குக் கை காட்டினார்.

நான் எடுக்க ஆரம்பித்தேன். அக்கா தன் பெயரைச் சொன்னார். வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார். ஆடி வெள்ளிக்கு மஞ்சள் விடுகிற வழக்கத்தையும், கிணறு மூடியிருந்ததையும், எந்தத் தொட்டி என்பதையும் சொன்னார். எழுதிக் கொடுக்க யாரும் இல்லாததால் முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. கெமிக்கலும் இல்லை, சோப்பும் இல்லை, வெறும் மஞ்சள்தான், ஆனாலும் மத்தவங்க குடிக்கிற தண்ணீரில் கேட்காமல் கை வைத்தது என் தப்பு என்றார். அப்புறம், "அத்த மறைச்சி, ஒரு பணியாளர் மேல பழிய போட்டு..." என்றார்.

ரோசம்மாள் கையை நீட்டிப் போனை மறைத்தார்.

"பேரச் சொல்லுங்க" என்றார். "அன்னிக்கு சொல்லாமலே ஊருக்கு சொல்லிட்டீங்க. இன்னிக்கு சொல்லியே சொல்லுங்க."

எடுத்ததை அழித்தேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை அக்கா எங்கும் தடுமாறவில்லை. பழி என்கிற இடம் வந்ததும் கேமராவைப் பார்ப்பதை விட்டுப் பக்கத்தில் திரும்பி, அந்த முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"எங்க கேனெல்லாம் கழுவனவங்க பேரு ரோசம்மா. அன்னிக்கு அவங்க நல்லாத்தான் அலசினாங்க. அவங்க ஒரு தப்பும் பண்ணல."

ரோசம்மாள் நிமிர்ந்து நேராகப் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எடுத்து முடித்து, எல்லாருக்கும் அனுப்பட்டுமா என்று நான் அக்காவைக் கேட்டேன். அக்காவின் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்திருந்தது. அவர் வாய் திறப்பதற்குள் ரோசம்மாள் சொன்னார்.

"போட்டுடு பாப்பா."